‘குரூப்ல போட்டிருந்தேனே’ என்று சொன்ன ஆசிரியைக்கு

கேள்வி: வணக்கம் மேடம். செய்யாறு பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் 31 பிள்ளைகள். பாதிப் பேருடைய அப்பாக்கள் பெங்களூரில் கட்டட வேலை. அம்மாக்களில் பலர் ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள், விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறேன், பள்ளிக்கு வரும் எல்லாத் தகவலையும் அதில் போட்டுவிடுகிறேன். யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். போன மாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்த மறுநாள் ஓர் அம்மா வந்து, “யாரைக் கேட்டு என் பிள்ளைக்கு மாத்திரை குடுத்தீங்க?” என்று சத்தம் போட்டார். “குரூப்ல போட்டிருந்தேனே” என்றேன். “அந்த போன் எங்க வீட்டுக்காரர்கிட்ட பெங்களூர்ல இருக்கு டீச்சர்” என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு பையன் பாட்டியோடு இருக்கிறான், அந்தப் பாட்டியிடம் பட்டன் போன்தான். இவர்களுக்கெல்லாம் எப்படித் தகவல் சொல்வது? ஹெச்.எம்., “அதான் குரூப் இருக்கே” என்கிறார்.

அன்புள்ள டீச்சருக்கு,

அந்த அம்மா மீது உங்களுக்குக் கோபம் வரவில்லை, பதில் சொல்ல முடியவில்லையே என்றுதான் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதத்துக்கு விரிவாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் நான், அதில் கடைசிப் பதினொரு வருஷம் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை. அந்த அம்மா உங்களிடம் கேட்டதை என்னிடமும் பலர் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் குரூப்பை மறந்துவிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டு எடுங்கள். பிள்ளைக்கு ஒரு பக்கம். அந்த வீட்டில் எத்தனை போன், எது யார் கையில் இருக்கிறது, எந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறது, அதை வைத்திருப்பவர் படிப்பாரா, இல்லை கேட்டால்தான் புரியுமா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முடிவெடுப்பது யார், இவ்வளவையும் அதில் எழுத வேண்டும். எமிஸில், அதாவது கல்வித்துறையின் மாணவர் விவரத் தளத்தில், இருக்கும் நம்பரை நம்பாதீர்கள். அது சேர்க்கையின்போது யாரோ கொடுத்தது, ஓ.டி.பி. வந்தால் போதும் என்று கொடுத்தது. பல சமயம் அது அப்பாவுடைய நம்பர், அல்லது மாமாவுடையது, அல்லது சிம்மே மாறிப்போயிருக்கும். பிள்ளைகளிடம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேளுங்கள், அவர்களுக்கு எல்லாம் தெரியும். “அம்மா ஏழு மணிக்கு வருவாங்க மிஸ், போன் அண்ணன்கிட்ட இருக்கும், அவன் கேம் ஆடிட்டு பத்து மணிக்கு மேலதான் குடுப்பான்.” இந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் மூன்று மாதம் குரூப்பில் செய்தி போட்டாலும் தெரிந்துகொள்ள முடியாது. இரண்டு மதிய இடைவேளை போதும், 31 பக்கமும் நிரம்பிவிடும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பெண்பிள்ளைக்கு நஷ்டம் வந்த பிறகு. எட்டாம் வகுப்பில் நல்ல கெட்டிக்காரி, கணக்கில் என்னையே மடக்குவாள். எட்டாம் வகுப்பில் எழுதும் மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வான என்.எம்.எம்.எஸ்.ஸுக்கு விண்ணப்பிக்கும் நேரம். வருமானச் சான்றிதழ் வேண்டும், இ-சேவை மையத்தில் பதிந்து தாசில்தார் ஆபீஸிலிருந்து வர நாளாகும், சீக்கிரம் போங்கள் என்று குரூப்பில் போட்டோம். இரண்டு தடவை போட்டோம். அந்த வீட்டில் இருந்த ஒரே ஆண்ட்ராய்டு போன் திருப்பூருக்குப் போன அண்ணனிடம். அவனுக்கு அது தங்கச்சி சம்பந்தப்பட்டது என்றே உறைக்கவில்லை, தினம் வரும் நாற்பது மெசேஜில் அதுவும் ஒன்று. கடைசி நாளுக்கு முந்தின நாள் அந்த அம்மா களையெடுத்த கையோடு, சேலையில் சேறு காயாமல், பள்ளி வாசலில் வந்து நின்றார். “இன்னிக்குத்தான் பாப்பா சொல்லுச்சுங்க, ஏதோ காகிதம் வேணுமாமே?” ஒரு நாளில் அந்தச் சான்றிதழ் வராது. தேர்ச்சி பெற்றுத் தேர்வாகியிருந்தால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் வருஷத்துக்கு 12,000 ரூபாய் வந்திருக்கும், நாலு வருஷத்துக்கு 48,000. குரூப்பில் போட்டதற்கு ஸ்கிரீன்ஷாட் என் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அந்த அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சரி, அந்தப் பெண் ஏன் முன்னாடியே வீட்டில் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். “மறந்துட்டேன் மிஸ்” என்றாள். அந்த வயசு அப்படி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை பையைக் கழற்றுவதற்குள் பள்ளியில் நடந்த அத்தனையையும் கொட்டிவிடும், யார் யாரைக் கிள்ளினார்கள் என்பது உட்பட. அதே பிள்ளை ஆறாம் வகுப்பு வந்து ஒரு வருஷத்துக்குள் “இன்னிக்கு என்ன நடந்துச்சு?” என்றால் “ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிடும். உடம்பு மாறுகிறது, மனசு மாறுகிறது, சிநேகிதர்கள் பெரிதாகிறார்கள். அதுவரை ஒரே டீச்சர், இப்போது பாடத்துக்கு ஒருவர். வீட்டுக்குச் செய்தி கொண்டுபோன அந்தப் பிள்ளை அந்த வேலையை விட்டுவிடுகிறது, அந்த இடத்தை யாராவது நிரப்ப வேண்டும், நாம் நிரப்புவதில்லை. அதனால்தான் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புகளிலும் பெற்றோருக்குப் பள்ளியிலிருந்து கேட்பது ஒரே குரல்தான்: “நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா.”

அப்பாவைக் கூட்டி வா என்றால் அந்த வீட்டுக்கு ஒரு நாள் கூலி போகிறது. வந்து நின்றால் பையன் எதிரிலேயே புகார். அடுத்த தடவை அவர் ஏன் வருவார்? உங்கள் கூட்டத்துக்கு ஆறு பேர் வந்ததற்கு இது பெரிய காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன், உங்களால் வந்தது இல்லை, உங்களுக்கு முன் பல வருஷமாக நடந்ததால் வந்தது.

ஆகவே அடுத்த வேலை, நல்ல செய்திக்கு ஒரு போன். ஒரு நாளைக்கு இரண்டே பேர். ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷம். மூன்று நான்கு வாரத்தில் 31 வீடும் முடிந்துவிடும். பேசும் விஷயம் குட்டியாக, ஆனால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் பொருந்துவதாக இருக்க வேண்டும். ‘நல்லா படிக்கிறான்’ என்பது எல்லாருக்கும் சொல்வது, அதில் ஒன்றும் இல்லை. ‘நேத்து அறிவியல் பாடத்துல காந்தத்தை வெச்சு மண்ணுல இருந்து இரும்புத்தூள் எடுத்தோம், உங்க பையன்தான் ஒரு தாளுக்கு அடியில காந்தத்தைப் பிடிச்சா தூள் காந்தத்துல ஒட்டாதுன்னு கண்டுபிடிச்சான்’ என்று சொல்லிப் பாருங்கள். நான் இப்படி ஒருவருக்குப் போன் செய்தபோது அவர் ஏதோ அடுக்குமாடிக் கட்டடத்தில் சென்ட்ரிங் வேலையில் இருந்தார், பின்னால் மெஷின் சத்தம். பள்ளியிலிருந்து பேசுகிறேன் என்றதும், “என்ன பண்ணான் டீச்சர்? அடிச்சுட்டானா?” என்றார். ஒன்றும் பண்ணவில்லை, கட்டுரை நன்றாக எழுதியிருந்தான், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “இருங்க டீச்சர், கீழ இறங்கி வரேன், இங்க சரியா கேக்கல, இன்னொரு தரம் சொல்லுங்க” என்றார். அந்தக் கல்வியாண்டில் எங்கள் பள்ளியிலிருந்து என்ன சொன்னாலும் முதல் ஆளாகப் பதில் போட்டது அவர்தான், பெங்களூரில் இருந்தபடியே.

இப்போது குரூப்புக்கு வருவோம். குரூப் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதை நீங்கள் நடத்தும் விதத்தை மாற்றுங்கள். அட்மின் மட்டும் பதிவிடும்படி அமைத்துவிடுங்கள், காலை வணக்கம், ரோஜாப்பூ, நிலம் விற்பனை எல்லாம் அதோடு நிற்கும். வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வரும் செயல்முறைக் கடிதத்தை அப்படியே பி.டி.எஃப்.பாகத் தள்ளிவிடாதீர்கள். அதன் பொருள் வரி, பார்வை, இணைப்பு இதெல்லாம் நமக்கே இரண்டு தடவை படித்தால்தான் புரியும். வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு, ஒரு நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். ஏன் ஞாயிறு என்றால் பாதி வீடுகளில் அன்றைக்குத்தான் அம்மா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்திருப்பார், ஊருக்கு வந்த அப்பாவும் பஸ் ஏறுவதற்கு முன் இருப்பார். உங்கள் நோட்டில் வேறு நேரம் தெரிந்தால் அதுவே சரி. நீங்கள் பேசும் பேச்சிலேயே பேசுங்கள். இப்படி:

“வணக்கம், ஏழாங்கிளாஸ் டீச்சர் பேசறேன். இந்த வாரம் வியாழக்கிழமை பிள்ளைங்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை குடுப்போம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் குடுப்போம், வெறும் வயித்துல குடுக்க மாட்டோம். மறுநாள் மலம் கறுப்பாப் போகலாம், பயப்படாதீங்க, அது மாத்திரையால. பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னா, வேற மாத்திரை சாப்பிடுதுன்னா புதன்கிழமைக்குள்ள எனக்குச் சொல்லுங்க, நிறுத்தி வெச்சுடறேன். கணக்குல இப்ப பின்னம் நடக்குது, தோசையை நாலா வெட்டி வெச்சுட்டுக் கேளுங்க, சொல்லுவாங்க. அவ்வளவுதான்.”

என்ன நடக்கப்போகிறது, என்றைக்கு, நீங்கள் என்ன செய்ய வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் போதும், நாலாவது விஷயம் அடுத்த ஞாயிற்றுக்குப் போகட்டும். அந்தத் தோசை மாதிரி ஒரு கேள்வி மட்டும் வாராவாரம் இருக்கட்டும். “இன்னிக்கு என்ன நடந்துச்சு?” என்று கேட்டால் வாய் திறக்காத பிள்ளை, “காந்தத்துல ஏதோ கண்டுபிடிச்சியாமே?” என்று கேட்டால் பேசும். அம்மா கையில் அந்தக் கேள்வியைக் கொடுப்பது நம் வேலை.

குரூப்பில் போகவே கூடாதது சில உண்டு, இதில் நான் கண்டிப்பானவள். மதிப்பெண் பட்டியல் கூடாது. இன்று வராதவர்கள் என்று பெயர் போடக் கூடாது, அந்த வீட்டுக்கு மட்டும் போன் செய்யுங்கள். சண்டை, திருட்டு, காதல் கடிதம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. முக்கியமாக, ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை உதவித்தொகைப் பட்டியலைப் பெயரோடு போடாதீர்கள். பல பள்ளிகளில் வெள்ளை மனசோடு இதைச் செய்கிறார்கள், “இவர்கள் எல்லாம் நாளை வங்கிப் புத்தக நகல் கொண்டுவரவும்” என்று. ஒரே நொடியில் வகுப்பில் யார் என்ன சாதி என்று 31 வீட்டுக்கும் தெரிந்துவிடுகிறது. நாங்குநேரியில் 2023-இல் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சாதி வெறியில் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதை நாம் மறக்க முடியாது. அதன் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில்கூடச் சாதி விவரம் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தார்கள். பதிவேட்டுக்கே அப்படி என்றால் குரூப் எம்மாத்திரம். உதவித்தொகை விவரத்தைத் தனித்தனியாக அனுப்புங்கள், நேரமாகும்தான், ஆகட்டும்.

பெண்பிள்ளைகள் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு, ஏழில்தான் பெரிய மனுஷி ஆகிறார்கள். பத்து நாள், பதினைந்து நாள் வரமாட்டார்கள், திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும், சில வீடுகளில் அப்படியே நிறுத்திவிடும் பேச்சும் வரும். வகுப்பு ஆரம்பத்திலேயே அம்மாக்களை மட்டும் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு, பள்ளிக் கழிப்பறையைத் திறந்து காட்டுங்கள். தாழ்ப்பாள் போடுகிறதா, தண்ணீர் வருகிறதா, நாப்கின் எங்கே வைத்திருக்கிறோம், போட எங்கே வாளி, யாரிடம் கேட்க வேண்டும். தாழ்ப்பாள் இல்லை என்றால் அன்றைக்கே அம்மாக்கள் கேட்பார்கள், கேட்கட்டும். நீங்கள் தனியாக எழுதிக் கேட்டு வராத தாழ்ப்பாள் பத்து அம்மாக்கள் கேட்டால் வந்துவிடும்.

அவர்கள் கேட்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். நம் மாநிலத்தில் 2022-லும் 2024-லும் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். உங்கள் வகுப்புப் பெற்றோர் யாராவது அதில் இருக்கிறார்களா பாருங்கள். இருந்தால் கூட்டத்தில் கையெழுத்து வாங்குவதோடு விட்டுவிடாமல் அவரிடம் ஒரு வேலை கொடுங்கள்: தன் தெருவில் இருக்கும் ஐந்து வீட்டுக்குச் செய்தி சொல்வது. ஷூ கம்பெனி பஸ்ஸில் ஒன்றாகப் போகும் அம்மாக்களில் ஒருவரைப் பிடித்தால் இன்னும் நல்லது. காலையில் அரை மணி நேரம் அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பேருக்கு ஒரே நாளில் செய்தி போய்விடும், எந்தக் குரூப்பும் அந்த வேகத்தில் போகாது.

அப்புறம் ஒரு பெரிய விஷயம், நடுநிலைப் பள்ளி என்பதால் உங்களுக்குக் கட்டாயம் பொருந்துவது. எட்டோடு உங்கள் பள்ளி முடிகிறது, ஒன்பதாம் வகுப்புக்கு எங்கே போவது என்று வீட்டில் முடிவெடுப்பார்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருந்தால் தனியார் பள்ளி என்பார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் தெரிந்து முடிவெடுக்க வேண்டும். மருத்துவப் படிப்பில் 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்; அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புகளுக்கும் இந்த ஒதுக்கீடு வந்தது. கல்லூரி போகும்போது மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிற புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் இரண்டுக்கும் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான். நடுவில் இரண்டு வருஷம் மாறிவிட்டு “எங்களுக்கு யாரும் சொல்லலையே” என்று பன்னிரண்டு முடித்துவிட்டு வந்து அழுத குடும்பத்தை எனக்குத் தெரியும். இதை எட்டாம் வகுப்பு முடிந்து டி.சி. வாங்க வரும்போது சொன்னால் பயனில்லை, அதற்குள் அட்வான்ஸ் கட்டியிருப்பார்கள். ஏழாம் வகுப்பிலேயே, பொங்கல் விடுமுறைக்கு முன்னால், சொல்லிவிடுங்கள். என்.எம்.எம்.எஸ். பற்றியும் அப்போதே. அந்தத் தேர்வு எழுத ஏழாம் வகுப்பு முழு ஆண்டில் 55 சதவீதம் வேண்டும், பட்டியலினப் பிள்ளைகளுக்கு 50. குடும்ப வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதாவது உங்கள் கையில் இருக்கும் இந்த வருஷத்து மதிப்பெண்தான் வாசல்.

கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நாற்காலி போடுங்கள், இல்லையென்றால் நீங்களும் பாயில் உட்காருங்கள். பேச்சைக் குறைத்து, பிள்ளையின் நோட்டைக் கையில் கொடுத்துவிடுங்கள். புகாரைக் கூட்டத்தில் படிக்காதீர்கள்.

ஹெச்.எம். சொல்வதை நான் தப்பென்று சொல்லமாட்டேன், அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். ஆதாரம் வேண்டும் என்ற பயம் அது, நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேண்டும். குரூப்பில் போடுவதை நீங்கள் நிறுத்தப்போவதில்லை என்று சொல்லுங்கள், ஆதாரம் அங்கேயே இருக்கும். கூடவே அந்த நாற்பது பக்க நோட்டையும் அவரிடம் காட்டுங்கள். உங்கள் நேரத்தையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள்: தனியாகப் பேச வேண்டும் என்றால் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை, அவசரம் என்றால் மட்டும் மற்ற நேரம், என்று முதல் வாய்ஸ் மெசேஜிலேயே சொல்லிவிடுங்கள். மக்கள் அதை மதிப்பார்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் பதில் போட்டுப் பழக்கிவிட்டால் பிறகு மாற்ற முடியாது.

கடைசியாக அந்தப் பாட்டி. பட்டன் போனில் வாட்ஸ்அப் வராது, ஆனால் மணி அடிக்கும். உங்கள் நோட்டில் அவருடைய பக்கத்தில் “ஞாயிறு, போன்” என்று எழுதி வைத்துவிட்டு, குரூப்பில் பேசியதையே அவருக்குத் தனியாக ஒரு தடவை சொல்லிவிடுங்கள். காது சரியாகக் கேட்காது என்றால் பையனை ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள், அவனும் சேர்ந்து கேட்பான். அதற்கும் முன்னால் ஒரு தடவை வீட்டுக்கே போய்விட்டு வாருங்கள், இந்த வாரமே. பள்ளி விட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும் வழியில் இருந்தால் பத்து நிமிஷம் திண்ணையில் உட்காருங்கள். பேரனைப் பற்றி நீங்கள் சொல்வதைவிட அவர் சொல்வது நிறைய இருக்கும்: ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான், அம்மா போனில் பேசிய அன்று ஏன் சாப்பிடமாட்டேன் என்கிறான், எதற்குப் பயப்படுகிறான். காபி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கிளம்பும்போது உங்கள் நம்பரைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி, அவர் கண்ணில் படுகிற இடத்தில், காலண்டர் பக்கத்தில், மாட்டிவிட்டு வாருங்கள்.